தமிழிலும் கேட்டுப் பாருங்கள்

வீட்டில் தமிழ் கதைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பின்தங்கினால், இங்கிலாந்தில் தாய் தகப்பனுக்கு முதலில் கிடைக்கும் பதில் அநேகமாக இதுதான்: கொஞ்சம் பொறுங்கள், ஆங்கிலம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும். பல பிள்ளைகளுக்கு அது உண்மைதான். புதிய மொழியில் விளையாடிக் கதைக்க ஓரிரு வருடங்கள் போதும். பாடப்புத்தக மொழி கைக்கு வர ஐந்து வருடங்களுக்கு மேலும் ஆகலாம் என்று மொழி ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் இதே பதிலைக் கேட்டுக்கொண்டு, வேறு காரணத்தால் தடுமாறும் சில பிள்ளைகளும் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். எங்கள் மகன் அவர்களில் ஒருவன். ஆங்கிலத்தில் அவனுக்கு எவ்வளவு கஷ்டமோ தமிழிலும் அவ்வளவு கஷ்டம் இருந்தது. அவனைத் தமிழில் கேட்டுப் பார்த்திருந்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

லண்டனில் எங்களைச் சுற்றி இன்னும் பல தமிழ்க் குடும்பங்கள் இதே இடத்தில் நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லும் சட்டமும் நடைமுறையும் இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் முறைகள் வேறு.

மகன் கதைக்கப் பிந்தினான். இரண்டு வயதுப் பரிசோதனைக்கு வந்த ஹெல்த் விசிட்டர் என்ற தாதி, இரண்டு மொழி புழங்கும் வீடு என்றால் பிந்தும் என்று சொல்லிவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில், "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும், உன்ரை அண்ணாவும் அப்பிடித்தான்" என்றார். இரண்டும் அன்போடு சொல்லப்பட்டவை. நாங்களும் காத்திருந்தோம்.

ரிசெப்ஷன் என்ற தொடக்க வகுப்புக்குப் போனபோது அவனுடைய வாக்கியங்கள் மூன்று சொல்லைத் தாண்டவில்லை. "மாமி வீடு போ" என்பான். அவன் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் "மாமி வீட்டை போனனான்" என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொல்லிவிடுவார்கள். நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, அவன் செய்தது, அவள் செய்தது எல்லாவற்றையும் தமிழ் வினைச்சொல்லின் வாலில்தான் ஒட்டுகிறோம். இவன் அந்த வாலை விட்டுவிடுவான். "சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வா" என்று சொன்னால், சப்பாத்தோடு வந்து ஈரக் கையை நீட்டுவான். கடைசியாகக் கேட்டது மட்டும்தான் அவனிடம் தங்கும்.

வகுப்பில் அவன் மிக அமைதியான பிள்ளை. மற்றவர்கள் எழும்பினால் எழும்புவான், புத்தகத்தை எடுத்தால் எடுப்பான். ஏதாவது கேட்டால் சிரிப்பான். முப்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ரீச்சருக்கு அவனால் ஒரு தொல்லையும் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் கடைசியாகக் கண்ணில் படுகிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம். கதிரையைத் தூக்கி எறியும் பிள்ளைக்கு ஒரு கிழமையில் கூட்டம் போடுகிறார்கள். விளங்காமல் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு யாரும் போடுவதில்லை.

இயர் 1 முடியும்போது ஃபோனிக்ஸ் சோதனை வந்தது. 40 சொற்கள், அதில் பாதி அர்த்தமே இல்லாத கற்பனைச் சொற்கள். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சரியாகச் சொன்னால் போதும். அவன் அதில் தேறிவிட்டான். பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தச் சோதனையைத்தான் எங்களிடம் திருப்பிக் காட்டினார்கள்: வாசிக்கிறானே, என்ன பயம்? வாசித்த பக்கத்தில் நாய் ஏன் ஓடியது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. எழுத்தை ஒலியாக மாற்றுவது ஒரு திறன், வாசித்ததை விளங்கிக்கொள்வது இன்னொரு திறன். முதலாவது நன்றாக இருக்கும் பிள்ளையிடம் இரண்டாவது இல்லாமல் இருக்கலாம் என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கூட்டங்களில் வந்த இன்னொரு ஆலோசனை: வீட்டிலும் ஆங்கிலத்திலேயே கதையுங்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். இந்த ஆலோசனைக்கு ஆதாரம் இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஒரு மொழியை நிறுத்தினால் மற்றது வேகமாக வந்துவிடுவதும் இல்லை. நடப்பது என்னவென்றால், தாய் தனக்கு நன்றாக வரும் மொழியை விட்டுவிட்டு, தட்டுத்தடுமாறும் மொழியில் பிள்ளையோடு கொஞ்சமாகக் கதைக்கத் தொடங்குகிறாள். கதை சொல்வது குறைகிறது, ஏசுவதும் கொஞ்சுவதும்கூடக் குறைகிறது. மொழி அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கு மொழி குறைவாகப் போய்ச் சேருகிறது. நாங்கள் வீட்டில் தமிழை விடவில்லை.

அதனால்தான் அடுத்தது நடந்தது என்றும் சொல்லலாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் படிப்பித்த ரீச்சர் ஊரில் முப்பது வருடம் ஆரம்ப வகுப்பு எடுத்தவர். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. இவன் குழப்படி இல்லை, சோம்பலும் இல்லை. நான் சொல்லுறது அவனுக்குள்ளை போய் நிக்குதில்லை. இங்கிலிசுப் பள்ளிக்கூடத்திலை என்ன சொல்லீனம்?" என்றார். ஆங்கிலம் போதாது என்று சொல்கிறார்கள் என்றேன். "தமிழும் போதாது. இரண்டும் ஒரே மாதிரிப் போதாது. அதைப் போய்ச் சொல்லுங்கோ" என்றார். பல மாதங்களாக எங்கள் மனதில் உருவமில்லாமல் கிடந்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு, இங்கே சுருக்கமாக டிஎல்டி என்பார்கள். ஆட்டிசமோ காது கேட்பதில் குறைபாடோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ போன்ற காரணம் எதுவும் இல்லாமலே, மொழியை விளங்கிக்கொள்வதும் கதைப்பதும் நீண்டகாலச் சிக்கலாக இருக்கும் நிலை. நிபுணர்கள் கூடி இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது 2017இல்தான். அதற்கு முன் ஒரே நிலைக்குப் பல பெயர்கள் இருந்தன. இங்கிலாந்தின் சரே கவுண்டியில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, காரணம் தெரியாத மொழிக் குறைபாடு ஏறத்தாழ 7 சதவீதப் பிள்ளைகளுக்கு இருப்பதாகக் கண்டது. 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசத்தைவிட அதிகம், ஆனால் எங்கள் சனத்தில் நான் கேட்ட யாருக்கும் இந்தப் பெயர் தெரியவில்லை. இரண்டு மொழி கதைக்கும் பிள்ளைக்கு இது இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். ஒரு மொழியில் நன்றாகவும் மற்றதில் குறைவாகவும் இருந்தால், அந்த மற்ற மொழி இன்னும் போதவில்லை என்றுதான் அர்த்தம். தமிழ் ரீச்சர் சொன்னதும் இதைத்தான்.

முதல் வேலையாக ஜிபி எனப்படும் குடும்ப வைத்தியர் மூலம் காதைப் பரிசோதித்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டிக்கொண்டு கேள்வி மந்தமாவது மிகச் சாதாரணம், அதுவும் இதே மாதிரித்தான் தெரியும். அவனுக்குக் காது சரியாக இருந்தது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தின் சென்கோவைச் சந்தித்தோம். விசேட தேவை உள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் அவர். அரசு நிதியில் நடக்கும் சாதாரணப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருக்க வேண்டும். பெற்றோர் பலருக்கு வகுப்பு ரீச்சரைத் தெரியும், சென்கோ யார் என்று தெரியாது. மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேட்கலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மகனைச் 'சென் சப்போர்ட்' என்ற பட்டியலில் சேர்த்தார்கள். என்ன குறை என்று பார்ப்பது, திட்டமிடுவது, செய்வது, பலன் வந்ததா என்று திரும்பிப் பார்ப்பது என்ற சுற்று இது. வருடத்தில் மூன்று தடவையாவது பெற்றோருடன் இருந்து கதைக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டிக் கோவை சொல்கிறது. காகிதத்தில் நல்ல முறைதான். எங்கள் விடயத்தில் நடந்தது, ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் பிள்ளைகளின் சிறு குழுவில் அவனையும் இருத்தியது. ருமேனியாவிலிருந்து அண்மையில் வந்த ஒரு பிள்ளை அதே குழுவில் சேர்ந்து, சில மாதங்களில் கதைக்கப் பழகி, குழுவை விட்டுப் போய்விட்டாள். இவன் அங்கேயே இருந்தான். இதைவிடத் தெளிவான ஒரு சோதனை என்ன வேண்டும் என்று நான் கூட்டத்தில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினோம். 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தில் 20ஆம் பிரிவு விசேட கல்வித் தேவை என்றால் என்னவென்று சொல்கிறது. வீட்டு மொழியும் பள்ளிக்கூட மொழியும் வேறாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது. நல்ல வரி அது. கறுப்பின, ஆசியப் பிள்ளைகளை மொழிக்காகவே மந்தமானவர்கள் என்று ஒதுக்கிய ஒரு காலம் இந்த நாட்டில் இருந்தது; அந்தத் தவறு திரும்ப வராமல் தடுக்கும் வரி. ஆனால் அந்த வரியில் 'ஒரே காரணத்துக்காக' என்பதை மறந்துவிட்டு, வீட்டில் வேறு மொழி என்றால் கற்றல் குறைபாடு பற்றிக் கதைக்கவே கூடாது என்பது போல நடக்கிறார்கள். வழிகாட்டிக் கோவை இதற்கு நேர் மாறாகச் சொல்கிறது: ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாத பிள்ளை பின்தங்கினால், காரணம் ஆங்கிலமா வேறு ஏதாவதா என்று எல்லாப் பக்கமும் கவனமாகப் பார்க்க வேண்டும். நான் அந்தப் பந்தியை அச்செடுத்து, கோடு போட்டு, கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

அதே சட்டத்தின் 36ஆம் பிரிவுதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது. கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்துப் பிள்ளையை மதிப்பிட்டு ஒரு திட்டம் எழுதுவார்கள். ஈஎச்சி திட்டம் என்பது அதுதான். அந்த மதிப்பீட்டைக் கேட்டு உள்ளூர்க் கவுன்சிலுக்குப் பெற்றோரே எழுதலாம். பள்ளிக்கூடம்தான் எழுத வேண்டும் என்றோ, பள்ளிக்கூடம் சம்மதிக்க வேண்டும் என்றோ இல்லை. எங்களிடம் வேறு மாதிரிச் சொல்லப்பட்டது. இன்றைக்கும் பல பெற்றோரிடம் அப்படித்தான் சொல்லப்படுகிறது.

கவுன்சில் மதிப்பீட்டுக்குச் சம்மதிக்க வேண்டிய சட்ட அளவுகோல் மிகச் சின்னது. பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கிறது அல்லது இருக்கலாம். திட்டத்தின் மூலம் உதவி செய்வது தேவைப்படலாம். இரண்டிலும் 'லாம்' இருப்பதைப் பாருங்கள். இத்தனை வருடம் பின்தங்கியிருக்க வேண்டும், பள்ளிக்கூடம் முதலில் 6,000 பவுண் செலவழித்துக் காட்ட வேண்டும் என்பவை கவுன்சில்கள் தாங்களாக வைத்துக்கொள்ளும் வரையறைகள். சட்டத்தில் அவை இல்லை.

கடிதத்தை நாங்கள் இருவரும் இரவில் இருந்து எழுதினோம். இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தின் மாதிரிக் கடிதம் பெரிய உதவியாக இருந்தது. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவையும் உண்டு. தமிழ் ரீச்சர் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதித் தந்தார், அதை மொழிபெயர்த்து இணைத்தோம். என்னுடைய யோசனையில் இன்னொன்றும் செய்தோம். ஆறு படங்கள் உள்ள ஒரு சின்னக் கதையை மகனிடம் காட்டி, தமிழில் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்தேன். அதே படங்களை அவன் வயதிலுள்ள என் தங்கச்சியின் மகளிடமும் காட்டிப் பதிவு செய்தேன். அவளும் லண்டனில் பிறந்தவள், அதே மாதிரி வீடு. இரண்டையும் சொல்லுக்குச் சொல் எழுதி, கீழே ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் கொடுத்தோம். தமிழ் தெரியாத ஒருவர் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். அவள் சொன்னதில் 'அதுக்குப் பிறகு', 'ஏனென்டால்', 'அவருக்கு' எல்லாம் இருந்தன. இவன் படத்தில் இருந்த பொருட்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனான்.

ஆறு கிழமைக்குள் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். சொன்னார்கள்: மறுப்பு. காரணமாக, ஆங்கிலம் கூடுதல் மொழி என்ற அதே வரி. இந்தக் கடிதம் வரும்போது பல குடும்பங்கள் நிறுத்திவிடுகின்றன. அரசாங்கக் கடிதத்தில் இல்லை என்று இருந்தால் இல்லைதான் என்று நினைக்கப் பழகியவர்கள் நாங்கள்; அகதி வழக்கில் வருடக்கணக்காகக் கடிதங்களுக்குப் பயந்து வாழ்ந்த குடும்பங்கள் இவை. ஆனால் அந்தக் கடிதத்திலேயே மேன்முறையீட்டு உரிமை எழுதியிருக்கும். கடிதத் திகதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது, நடுநிலையாளர் ஒருவரை வைத்துக் கவுன்சிலோடு பேசித் தீர்க்கும் மத்தியஸ்தத்துக்கான சான்றிதழ் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம், எது பிந்தியதோ அது. இந்த மேன்முறையீட்டைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். 2022-23இல் தீர்ப்பாயம் முடிவு சொன்ன வழக்குகளில் 98 சதவீதம், முழுதாகவோ பகுதியாகவோ, பெற்றோர் பக்கம் போயின. இந்த எண்ணை எங்கள் ஆட்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நாங்கள் தீர்ப்பாயம் வரை போக வேண்டி வரவில்லை. மத்தியஸ்தக் கூட்டத்தில் அந்த ஒலிப்பதிவு எழுத்துப் பிரதியை மேசையில் வைத்தோம். கவுன்சிலிலிருந்து வந்தவர் அதை முழுவதும் வாசித்தார். மதிப்பீட்டுக்குச் சம்மதித்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் சனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறவினர் பலர் எங்களைத் தடுக்கத்தான் பார்த்தார்கள். பேர் விழுந்துவிடும், நாளைக்கு இவனுடைய தங்கச்சிக்குக் கலியாணம் பேசும்போது இதைக் கதைப்பார்கள் என்றார்கள். அவளுக்கு அப்போது மூன்று வயது. நல்ல ரியூஷனில் விட்டால் சரியாகிவிடும் என்றார்கள் இன்னும் சிலர். கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வுக்காக ஏழு வயதிலிருந்தே பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் ஊர் இது. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்குப் படிப்பு ஒன்றுதான் கையில் இருந்தது. ஆனால் கேள்வியே விளங்காத பிள்ளைக்கு இன்னும் நூறு கேள்விகள் கொடுப்பதால் என்ன ஆகும்?

இன்னொரு பயம், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் சோஷல்காரர் பற்றியது. ஈஎச்சி மதிப்பீட்டில் கவுன்சில் பலரிடம் எழுத்தில் ஆலோசனை கேட்க வேண்டும்: பெற்றோர், பள்ளிக்கூடம், மருத்துவத் துறை, கல்வி உளவியலாளர், சோஷல் கெயார். கடைசிப் பெயரைப் பார்த்ததும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நடுங்குபவர்கள் உண்டு. பெரும்பாலான குடும்பங்களுக்கு அங்கிருந்து வருவது ஒரே ஒரு வரி: இந்தக் குடும்பத்தை எங்களுக்குத் தெரியாது. சட்டம் எல்லோரையும் கேட்கச் சொல்வதால் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

மதிப்பீட்டில் வேறு யாரிடமாவது ஆலோசனை பெறும்படி பெற்றோர் நியாயமாகக் கேட்டால், கவுன்சில் அதையும் பெற வேண்டும். நாங்கள் பேச்சு மொழிச் சிகிச்சையாளரைக் கேட்டோம், தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு பார்க்க வேண்டும் என்றும் எழுத்தில் கேட்டோம். கேட்டபடி வந்தார்கள். ஆனால் முதல் அமர்வு எனக்குத் திருப்தி தரவில்லை. மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனுசி, பிள்ளையோடு அன்பாகத்தான் பழகினார். "நாற்காலி எங்கேப்பா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அது கதிரை. மகன் படத்தை வெறித்துப் பார்த்தான். தெரியாது என்று குறிக்கப்பட்டது. யன்னலுக்கும் அதேபோல் ஆனது.

அதைவிடப் பெரிய பிரச்சினை மற்றப் பக்கம் இருந்தது. மகன் "நாய் ஓடு, பெடியன் விழு" என்று சொன்னதை அவர் அழகான ஆங்கிலத்தில், நாய் ஓடியதால் பையன் விழுந்துவிட்டான் என்று மாற்றிச் சொன்னார். அவர் வேலையை அவர் நன்றாகத்தான் செய்தார். ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளர் அர்த்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனால் இங்கே பிள்ளை எப்படிச் சொன்னான் என்பதுதான் முழு விடயமும். உடைந்த வாக்கியம் உடைந்தபடியே போய்ச் சேர வேண்டும். நான் இடையில் பேசி இதைச் சொன்னேன். அந்தச் சிகிச்சையாளருக்கு இது உடனே விளங்கியது. அமர்வை நிறுத்தி, மொழிபெயர்ப்பாளரோடு தனியாகக் கதைத்து, இரண்டாவது நாளில் முறையை மாற்றினார். தமிழ்ப் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது: மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்று முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள், பிள்ளை வீட்டில் பாவிக்கும் சொற்களின் பட்டியலைக் கொடுத்து அனுப்புங்கள், உறவினரை மொழிபெயர்க்க விடாதீர்கள். உறவினர் பாசத்தில் பிள்ளைக்கு உதவி செய்துவிடுவார்கள்.

இரண்டாவது நாள் பார்க்க எனக்கே ஆர்வமாக இருந்தது. ஆங்கிலப் பிள்ளைகளை வைத்து அளவெடுத்த சோதனைகளின் புள்ளிகளைத் தமிழ்ப் பிள்ளைமேல் அப்படியே போட முடியாது என்று அவர் விளக்கினார். அதனால் வேறு வழிகள். அர்த்தமில்லாத சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் விளையாட்டு ஒன்று. எந்த மொழி எவ்வளவு தெரியும் என்பதில் அது அவ்வளவாகத் தங்கியிருக்காது. மூன்று அசை வந்ததும் மகன் தடுமாறினான். பிறகு, ஒரு புதிய சொல்லைக் கற்றுக்கொடுத்து, சற்று நேரம் கழித்து நிற்கிறதா என்று பார்த்தார். ஆங்கிலம் மட்டும் போதாத பிள்ளை புதுச் சொல்லைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். டிஎல்டி உள்ள பிள்ளைக்கு அதே சொல் பல தடவை, பல விதமாக வர வேண்டும். எங்களிடமும் நீண்ட நேரம் கேட்டார்: முதல் சொல் எப்போது, முதல் வாக்கியம் எப்போது, ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் எப்படிக் கதைப்பார்கள், குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா. அண்ணாவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர். அம்மா சொன்ன 'உன்ரை அண்ணாவும் அப்பிடித்தான்' எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னது. சிகிச்சையாளரின் குறிப்பில் அது குடும்ப வரலாறு என்று போனது.

அறிக்கையில் டிஎல்டி என்று எழுதியிருந்தார், இரண்டு மொழியிலும் என்று தெளிவாக. கல்வி உளவியலாளரின் பரிசோதனையில், படங்களையும் வடிவங்களையும் வைத்துச் செய்யும் புதிர்களில் மகன் வயதுக்கு நன்றாகவே செய்திருந்தான். என் கணவர் அந்தப் பக்கத்தை மட்டும் பல தடவை வாசித்தார்.

விண்ணப்பித்த நாளிலிருந்து இறுதித் திட்டம் வர 20 கிழமைதான் சட்டப்படி உச்ச எல்லை. 2023இல் இங்கிலாந்து முழுவதும் அந்த எல்லைக்குள் வந்தவை ஏறத்தாழ பாதிதான். எங்களுடையதும் பிந்தித்தான் வந்தது. வரைவு வந்ததும் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தருவார்கள். அந்த 15 நாளையும் முழுதாகப் பாவிக்க வேண்டும். திட்டத்தில் பல பகுதிகள் இருந்தாலும் 'எஃப்' பகுதிதான் உயிர், அதில் எழுதிய கல்வி உதவியைக் கவுன்சில் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும். அதனாலேயே அதில் மங்கலாக எழுதிவைப்பார்கள். 'பேச்சு மொழிச் சிகிச்சைக்கு வாய்ப்புக் கிடைக்கும்', 'தேவைக்கேற்ப உதவி' என்று எங்கள் வரைவில் இருந்தது. வாய்ப்பு என்றால் எத்தனை நிமிடம்? யார் செய்வது? கிழமைக்கு எத்தனை தடவை? உதவி திட்டவட்டமாக, சாதாரணமாக அளவு குறிப்பிட்டு இருக்க வேண்டும் என்று வழிகாட்டிக் கோவையே சொல்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிகிச்சையாளரின் அறிக்கையிலிருந்த எண்ணை எழுதி அனுப்பினோம். பெரும்பகுதியை மாற்றினார்கள்.

இப்போது வகுப்பில் அவனுக்குப் படங்களோடு கூடிய நாள் அட்டவணை இருக்கிறது. பாடம் தொடங்கும் முன்பே அதில் வரப்போகும் முக்கியமான சொற்களைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரீச்சர் நீளமான கட்டளையைத் துண்டு துண்டாகச் சொல்கிறார், அவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தது. அந்தப் புதுச் சொற்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை எங்களுக்கு வரும். வீட்டில் அவற்றைத் தமிழில் கதைத்துப் பழக்குகிறோம். எரிமலை, ஆவியாதல், ரோமர்கள் என்று எங்கள் இரவுச் சாப்பாட்டில் வரும் விடயங்கள் மாறிவிட்டன. அவன் இன்றைக்கும் கஷ்டப்படுகிறான். டிஎல்டி வளர்ந்ததும் விட்டுப்போகும் ஒன்று இல்லை. ஆனால் விளங்காதபோது சிரிப்பதை விட்டுவிட்டான். "எனக்கு விளங்கேல்லை, திரும்பச் சொல்லுங்கோ" என்கிறான், இரண்டு மொழியிலும்.

அவன் இப்போது இயர் 5. இடைநிலைப் பள்ளிக்கூடத்துக்கு மாறும் வருடத்தில் பெப்ரவரி 15க்குள் கவுன்சில் திட்டத்தைத் திருத்தி, எந்தப் பள்ளிக்கூடம் என்று பெயர் போட வேண்டும். அதனால் இந்த வசந்த காலத்திலேயே பள்ளிக்கூடங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். திறந்த நாள்களில் மற்றப் பெற்றோர் தேர்வு முடிவுகளைக் கேட்கிறார்கள். நாங்கள் சென்கோவைத் தேடிப்போய், சிகிச்சையாளர் கிழமைக்கு எத்தனை நாள் வருகிறார், வகுப்பு ரீச்சர்மாருக்கு டிஎல்டி பற்றிப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்கிறோம். இரண்டு இடத்தில் தெளிவான பதில் கிடைத்தது. அந்த இரண்டையும் மகனோடு இன்னொரு தடவை, சாதாரண வகுப்பு நடக்கும் நாளில் போய்ப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம்.